ஒதிலியாவின் கார் குடித்த தண்ணீர்

நபோரின் பட்டறைக்குக் காரைக் கொண்டுவருகிறவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. எங்கும் எழுதி ஒட்டவில்லை என்றாலும் வியா தெ செரிஸ் வட்டாரம் முழுக்க அந்தச் சட்டம் தெரியும். "என்ன ஆச்சுன்னு நீங்க சொல்லாதீங்க, அதுவே சொல்லும்" என்பார். பானட்டைத் தூக்குவார், இடுப்பில் கை வைப்பார், கண்ணை மூடி ஒரு மூச்சு இழுப்பார். அவ்வளவுதான். கிளட்ச் எரிகிறதா, ஆயில் சொட்டிச் சைலன்சரில் கருகுகிறதா, ஒயர் உருகுகிறதா என்று பிட்டுப் பிட்டு வைத்துவிடுவார். இருபத்தெட்டு வருஷத்தில் அந்த மூக்கு பொய் சொன்னதாக ஒருவரும் புகார் கொண்டுவந்ததில்லை. எர்மோசியோ நகரத்தின் மறுகோடியிலிருந்துகூட டாக்சிக்காரர்கள் அந்த மூக்கைத் தேடி வருவார்கள். மனுஷனுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லையென்று சொன்னால் பொய்.

அந்த மூக்கு ஜனவரி மாதம் ஒரு காய்ச்சலோடு போய்விட்டது.

நான்கு நாள் படுத்தார். ஐந்தாம் நாள் எழுந்து பட்டறைக்கு வந்து பெட்ரோல் கேனைத் திறந்தார். கேனுக்குள் இருந்தது தண்ணீர் மாதிரி சும்மா இருந்தது. தின்னர் டப்பாவைத் திறந்தார், பேட்டரி ஆசிட்டைத் திறந்தார், கடைசியில் தன் சட்டையின் அக்குளை முகர்ந்து பார்த்தார். ஒன்றுமே இல்லை. ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டு, ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஈஸ்டர் வந்தது, போனது. ஜூனும் வந்துவிட்டது, மூக்கு மட்டும் வரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. அது பாவத்தில் சேராது என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

வீட்டில் எல்வீராவுக்கும் தெரியாது. இரண்டு முறை பீன்ஸ் அடிப்பிடித்துத் தெருவே நாறியது. நபோர் மறுபேச்சில்லாமல் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருந்துச்சு" என்றார். முப்பது வருஷமாக உப்புக்கும் புளிப்புக்கும் முகம் சுளித்த மனுஷன், வயதானதும் தன்மேல் பிரியமாகிவிட்டார் என்று எல்வீரா உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தாள்.

பட்டறையை எப்படி ஓட்டினார்? நாடகம் ஆடித்தான். பானட்டைத் தூக்குவது, கண்ணை மூடுவது, மூச்சை இழுப்பது எதையும் விடவில்லை. இழுக்கிற நேரத்தில் காதைத் தீட்டிக்கொள்வார், கண்ணை அரைக்கால் திறந்து பார்த்துக்கொள்வார். பிரேக், பேட்டரி, பெல்ட் என்று கண்ணுக்குத் தெரிகிற வேலைகளைச் செய்தார். பிடிபடாததை, "இதுக்குச் சாமான் கிடைக்காது, வேற இடம் பாருங்க" என்று கைகழுவினார். ஊர் நம்பியது. ஒதிலியாவின் நீலக் கார் வரும்வரை எல்லாம் சரியாகத்தான் ஓடியது.

ஒதிலியாவை வேறு இடம் பார்க்கச் சொல்ல முடியாது. அவள் அவருக்குக் கொமாத்ரே, அவர் அவளுக்குக் கொம்பாத்ரே. அவளுடைய மகள் இமெல்டாவுக்கு ஞானஸ்நானத்தன்று தலைதாங்கிய ஞானத்தகப்பன் அவர். அந்த உறவில் விழுந்துவிட்டால், காரை வேறு யாருடைய பட்டறைக்காவது கொண்டுபோவது செருப்பால் அடிப்பதற்குச் சமம். இருவரும் ஒரே தெருவில் மண்ணில் புரண்டு வளர்ந்தவர்கள், சின்ன வயதில் வாடா போடி என்றுதான் பேச்சு. இமெல்டாவின் தலையில் தண்ணீர் ஊற்றிய நிமிஷத்திலிருந்து, ஊர் வழக்கப்படி, நீங்க வாங்க ஆகிவிட்டது. இருபத்தாறு வருஷமாக அந்த மரியாதை ஒருநாளும் பிசகவில்லை.

ஒதிலியா கொயோத்தா சுடுகிறவள். கோதுமை மாவுக்குள் வெல்லம் வைத்துத் தட்டிச் சுடுகிற அந்தப் பண்டத்துக்கு வியா தெ செரிஸ் பேர்போனது, அதிலும் ஒதிலியாவின் அடுப்புக்குத் தனி மவுசு. விடியும்போது சுட்டு, சூடு ஆறுமுன் தட்டுத் தட்டாகக் காரில் அடுக்கிக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அந்தக் கார் ஏப்ரலிலிருந்து தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. எஞ்சின் கொதிக்கும், ரேடியேட்டரைத் திறந்தால் பாதி காலியாக இருக்கும். ஆனால் கீழே ஒரு சொட்டு ஈரம் இருக்காது.

முதல் தடவை வந்தபோது நபோர் ரேடியேட்டர் மூடியை மாற்றினார். இரண்டாம் தடவை மேல் ஹோஸையும் கிளிப்புகளையும் மாற்றினார். அப்போதே ஒரு தந்திரம் செய்து பார்த்தார். ரேடியேட்டருக்கு ஊற்றுகிற பச்சைக் கூலன்ட் லேசாக இனிக்கிற வாசம் அடிக்கும், அது எங்கே அடிக்கிறதோ அங்கேதான் ஒழுகல். தன் மூக்கு இல்லாவிட்டால் என்ன, அவள் மூக்கு இருக்கிறதே. பேச்சுவாக்கில் கேட்பதுபோல், "கொமாத்ரே, கார்ல ஏதாச்சும் இனிப்பு வாசம் வருதா?" என்றார்.

"கொயோத்தா ஏத்தற வண்டியில பின்ன மீன் வாசமா வரும்?" என்று அவள் சிரித்தாள். அத்தோடு அந்தக் கேள்வி செத்தது.

மூன்றாம் தடவை தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எடுத்தார். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை மடக்கி வைக்கிற சின்ன அடைப்பான் அது. "இந்த வெயிலுக்கு இது எதுக்கு? தண்ணி தாராளமா ஓடட்டும்" என்று அந்த ஊர் மெக்கானிக்குகள் பாதிப் பேர் அதைக் கழற்றித்தான் எறிவார்கள். அப்படிச் செய்கிறவர்களை நபோர் வாழ்நாள் முழுக்கக் கரித்துக் கொட்டியிருக்கிறார். அன்றைக்கு அவரே செய்தார். கை கூசியது, ஆனாலும் செய்தார்.

நான்காம் தடவை ஒதிலியா வந்தது ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில். வெயில் நாற்பத்து நான்கு டிகிரி. கார் வாசலில் நின்றதும் பானட்டுக்குள்ளிருந்து கெட்டில் சீறுகிற மாதிரிச் சத்தம் வந்தது.

"கொம்பாத்ரே, இது தண்ணி குடிக்குதா, இல்ல எனக்குத் தெரியாம யாருக்காவது ஊத்திக் கொடுக்குதா? செவ்வாய்க்கிழமை நிரப்பினது, இன்னிக்கு மறுபடியும் காலி."

"இறங்குங்க, இறங்குங்க. பார்ப்போம்."

"பார்ப்போம்னு சொல்ற வேலை இல்ல இது." சிரித்துக்கொண்டே இறங்கியவளின் முகத்தில் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. "நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு நான் மலைக்குக் கிளம்பணும். இமெல்டாவைக் கூட்டிட்டு வரணும்."

இமெல்டா மலைமேல் மேசா கொலராடா பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒன்பதாம் மாதம். "இன்னும் மூணு வாரம் இருக்குன்னீங்களே?" என்றார் நபோர்.

"கால் ரெண்டும் தூண் மாதிரி வீங்கியிருக்காம். பிரஷர் ஏறுதாம். அங்க இருக்கற நர்ஸ், ஞாயித்துக்கிழமைக்குள்ள கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடுங்கன்னு சொல்லிட்டா. மாப்பிள்ளை எல்லைக்கு அந்தப் பக்கம் வேலையில இருக்கார். பஸ் நேத்தே போயிடுச்சு, இனி திங்கட்கிழமைதான்." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்க டிரக்கைக் கேட்கலாம்னா..."

இருவரும் திரும்பி மெஸ்கீட் மரத்தடியைப் பார்த்தார்கள். நபோரின் சொந்த டிரக் இரண்டு வருஷமாக அங்கே செங்கல் மேல் நிற்கிறது. எஞ்சின் பக்கத்தில் தனியாகப் படுத்திருக்கிறது. அதைப் பற்றி மேற்கொண்டு யாரும் பேசவில்லை.

"உள்ள போய் எல்வீராகிட்ட தர்பூசணித் தண்ணி வாங்கிக் குடிங்க. நான் பார்க்கறேன்" என்றார் நபோர். அவளை அப்புறப்படுத்த வேண்டும். நாடகம் ஆட இன்று அவருக்குத் தெம்பில்லை.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து மூடியைத் திறந்தார். இரண்டு லிட்டருக்கு மேல் குறைந்திருந்தது. நிரப்பி ஸ்டார்ட் செய்தார். எஞ்சினுக்குள் அடைப்பாக இருக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் ரேடியேட்டரில் குமிழி வரும், வரவில்லை. புகைக்குழாயில் வெள்ளைப் புகை வரும், அதுவும் இல்லை. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார், பால் கலந்த மாதிரித் திரிந்திருக்கவில்லை, சுத்தமாக இருந்தது. வாட்டர் பம்ப்பைச் சுற்றித் தடவினார், விரல் காய்ந்தே வந்தது. அடியில் அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்தார். ஒரு சொட்டு இல்லை.

பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அலமாரியின் அடித்தட்டிலிருந்து கையால் அடிக்கிற பிரஷர் பம்ப்பை எடுத்தார். ரேடியேட்டர் வாயில் மாட்டிக் காற்றடித்தால் முள் ஏறும். ஒழுகல் இருந்தால் முள் இறங்கும். "மூக்கில்லாதவன் வாங்கற சாமான்" என்று அதை அவரே கேலி பேசியிருக்கிறார், அதனால் அதன்மேல் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. மாட்டி அடித்தார். முள் ஏறியது. ஒரு நிமிஷம் நின்றது. பிறகு கண் முன்னாலேயே மெல்ல மெல்லக் கீழே சாய்ந்தது.

ஆக, ஒழுகுவது நிச்சயம். எங்கே என்பதுதான் தெரியவில்லை. பழைய நபோராக இருந்தால் இந்நேரம் எஞ்சினருகில் ஒரு மூச்சு, புகைக்குழாயில் ஒரு மூச்சு, உள்ளே ஒரு மூச்சு இழுத்து, மூன்றாம் மூச்சில் விஷயம் முடிந்திருக்கும். காருக்குள் தலையை நுழைத்து இழுத்துத்தான் பார்த்தார். சூடான காற்று வந்தது. வெறும் காற்று.

அப்போதுதான் ஒதிலியா கையில் டம்ளரோடு திரும்பி வந்தாள். "என்ன சொல்லுது?"

நபோரின் வாயில் பொய் தயாராக இருந்தது. ஹோஸ் கிளிப் தளர்ந்திருந்தது, முறுக்கிவிட்டேன். கூட இரண்டு கேன் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் டாஷ்போர்டிலுள்ள சூட்டு முள் ஏறினால் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுங்கள், எஞ்சின் சூடு உள்ளே வந்து இறங்கிவிடும். எந்த மெக்கானிக்கும் சொல்லி அனுப்புவதுதான், முக்கால்வாசி நேரம் வண்டியும் போய்ச் சேர்ந்துவிடும். அவர் வாயைத் திறக்கும்போது அவளுடைய போன் அடித்தது. ஒரு கையில் டம்ளர் இருந்ததால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"அம்மா, வண்டி என்னாச்சு?" இமெல்டாவின் குரல் மலையிலிருந்து விட்டு விட்டு வந்தது.

"ஞானப்பா பார்த்துட்டிருக்காரு. பக்கத்துலதான் நிக்கறாரு."

"அப்ப எதுக்கு நீ கவலைப்படறே? ஞானப்பா மோந்து பார்த்து அனுப்பற வண்டியில நான் கண்ணை மூடிட்டு ஏறுவேன். ஞானப்பா, எனக்காக ரெண்டு தடவையா மோந்துடுங்க, இப்ப நாங்க ரெண்டு பேரு." சிரித்தாள். சிரிக்கும்போதே மூச்சு வாங்கியது. லைன் அறுந்தது.

நபோர் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

"கொமாத்ரே, எனக்கு வாசனை தெரியாது."

"என்னது?"

"ஜனவரியிலேர்ந்து. அந்தக் காய்ச்சல்லேர்ந்து. பெட்ரோல் தெரியாது, காபி தெரியாது, எதுவும் தெரியாது. உங்க வண்டியில என்னன்னு எனக்குத் தெரியலை. மூடியை மாத்தினதும் ஹோஸை மாத்தினதும் குருட்டாம்போக்குல செஞ்சது."

ஒதிலியா டம்ளரை வேலைமேஜை மேல் வைத்தாள். ரொம்ப மெதுவாக வைத்தாள். பாவப்பட்டு ஒரு வார்த்தை சொல்வாள் என்று நபோர் கொஞ்சம் எதிர்பார்த்தார் என்பதை மறைப்பானேன்.

"மூணு தடவை," என்றாள். "மூணு தடவை என்னை இந்த வண்டியில ஏத்தி ரோட்டுக்கு அனுப்பியிருக்கே நீ."

இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு அந்த 'நீ' வந்து அவர் முகத்தில் அறைந்தது.

"ஒதிலியா..."

"பேசாதே. மூக்கு போனதுக்கா நான் கோபப்படறேன்? காய்ச்சல் வந்தா போகும், அதுக்கு நீ என்ன பண்ணுவே. ஆனா 'தெரியலை'ன்னு ஒரு சொல்லு. ஒரே ஒரு சொல்லு. அதைச் சொல்ல வாய் வராம, நீ தலைதாங்கின பொண்ணை, வயித்துல குழந்தையோட, இந்த அடுப்புல ஏத்தி மலை இறக்க இருந்தியா? ஸ்கூல்ல கணக்கு தெரியலைன்னாலும் இப்படித்தான் முழிச்சிட்டு நிப்பே. அப்பவும் என் நோட்டை நான்தான் காட்டினேன், காட்டலையா?"

"காட்டினே."

"அப்ப என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"வெட்கமா இருந்துச்சு" என்றார் நபோர். ஐம்பத்தெட்டு வயது மனுஷன், கண்ணில் நீர் முட்டி நின்றது. "மூக்கு இல்லேன்னா நான் யாரு? ஸ்பானர் பிடிக்கறவன் இந்த ஊர்ல தெருவுக்குப் பத்து பேர் இருக்கான்."

ஒதிலியாவுக்குக் கோபம் அப்படியேதான் இருந்தது, ஆனால் அதற்கு அடியில் வேறு ஏதோ இளகியது. ஒரு பழைய டயரைக் காலால் இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தாள்.

"சரி. உனக்கு மூக்கு இல்ல. எனக்கு இருக்கு. கேளு."

"என்ன கேட்கறது?"

"வண்டிக்கு என்னன்னு கேளு! டாக்டர் கேட்கலையா? இருபத்தெட்டு வருஷமா ஒருத்தரையும் வாயைத் திறக்க விட்டதில்ல நீ. நான் தினமும் இதுல போறேன். எனக்குத் தெரியறது உனக்குத் தெரியுமா?"

நபோருக்கு அது வினோதமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டார். எப்போது கொதிக்கிறது? ஊருக்குள் போனால் இல்லை, நெடுஞ்சாலையில் அரைமணி ஓடினால்தான். வேறென்ன பார்த்தாய்? அவள் யோசித்தாள். முன் கண்ணாடி உள்பக்கம் தினமும் பிசுக்குப் படிகிறது. கொயோத்தாவில் பன்றிக் கொழுப்பு போடுவதால் அந்த ஆவிதான் படிகிறது என்று தினமும் வினிகர் போட்டுத் துடைக்கிறாள்.

"எத்தனை வருஷமா கொயோத்தா ஏத்தறே?"

"பதினஞ்சு."

"பதினஞ்சு வருஷமாவா பிசுக்குப் படியுது?"

ஒதிலியா விரல் விட்டு எண்ணினாள். "இல்ல. இந்த ஏப்ரல்லேர்ந்துதான்." பிறகு திடீரென்று தொடையில் அடித்துக்கொண்டாள். "இரு இரு. போன வாரம் முள் ஏறுச்சுன்னு ஹீட்டரைப் போட்டேன், எல்லாரும் சொல்றாங்களேன்னு. கண்ணாடி பூரா பால் பொங்கின மாதிரி வெள்ளையாயிடுச்சு. ஒண்ணும் தெரியாம ஓரங்கட்டினேன்."

நபோர் நிமிர்ந்தார். அலமாரிக்குப் போய்ப் பச்சைக் கூலன்ட் கேனை எடுத்துவந்து மூடியைத் திறந்து அவள் மூக்கருகில் நீட்டினார். "இதை மோந்துக்கோ. நல்லா மனசுல வாங்கிக்கோ. இப்ப காருக்குள்ள தலையை விட்டு மோந்து பாரு."

ஒதிலியா கேனை முகர்ந்தாள். எழுந்துபோய்க் கதவைத் திறந்து, முன்சீட்டுக்கு மேலே குனிந்து நின்றாள். அவசரப்படவில்லை. பாகு பதம் பார்க்கும்போது அடுப்படியில் எப்படி நிற்பாளோ அப்படி நின்றாள்.

"ரெண்டு இருக்கு" என்றாள் கடைசியில். "ஒண்ணு என் வெல்லம். அது லேசாக் கருகின மாதிரி, அடியில ஒரு கசப்போட இருக்கும். இன்னொண்ணு பச்சை இனிப்பு. இருமல் மருந்து மாதிரி. இந்தக் கேன்ல இருக்கறதேதான்." வெளியே வந்தவளின் முகம் ஒரு நிமிஷம் அதிர்ந்துபோய் இருந்தது. "கடவுளே! வெல்லக்காரன் ஹசிந்தோ!"

"ஹசிந்தோவுக்கு என்ன?"

"இந்த வாசத்துக்குத்தான் ரெண்டு மாசமா அவனோட சண்டை! வெல்லத்துல என்னத்தையோ கலக்கறேன்னு சந்தையில நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்கினேன். அந்த ஆளு தாயார் மேல சத்தியம் பண்ணினான், நம்பாம கடையையே மாத்திட்டேன்."

நபோர் அதற்குள் மறுபக்கக் கதவைத் திறந்து மண்டியிட்டுவிட்டார். கொயோத்தாத் தட்டு வழுக்காமல் இருக்கத் தரையில் ஒதிலியா ஒரு பழைய கம்பளியை விரித்திருந்தாள். அதைத் தூக்கினார், அடியிலிருந்த ரப்பர் பாயைத் தூக்கினார், அதற்கும் அடியில் கார்ப்பெட்டை அமுக்கினார். விரலிடுக்கில் பச்சையாகப் பிசுபிசுவென்று ஊறி வந்தது.

"பாகு சிந்தினதுன்னு நினைச்சேன்" என்றாள் ஒதிலியா, சின்னக் குரலில்.

"ஹீட்டர்" என்றார் நபோர். "டாஷ்போர்டுக்குப் பின்னாடி ஹீட்டருக்குன்னு குட்டி ரேடியேட்டர் ஒண்ணு இருக்கு. நாம போட்டாலும் போடாட்டாலும் இந்த வண்டியில தண்ணி அது வழியாத்தான் சுத்தும். அது ஓட்டையாயிடுச்சு. சூடேறிப் பிரஷர் வந்தா உள்ளேயே சொட்டுது, கார்ப்பெட் குடிச்சிடுது, அந்த ஆவிதான் கண்ணாடியில பிசுக்காப் படியுது. நான் மூணு மாசமா வெளியே தேடிட்டிருக்கேன்!"

எர்மோசியோவில் ஹீட்டர் இருப்பதே பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது. அந்தக் குமிழில் ஜெபமாலை தொங்கவிடுவார்கள். அதைச் சரிசெய்ய டாஷ்போர்டையே பிரிக்க வேண்டும், இரண்டு நாள் வேலை. நபோர் பிரிக்கவில்லை. ஹீட்டருக்குப் போகிற ஹோஸையும் அங்கிருந்து திரும்பி வருகிற ஹோஸையும் கழற்றி, ஒரு துண்டுக் குழாய் வைத்து ஒன்றோடொன்று கோத்து, கிளிப் போட்டு முறுக்கினார். ஹீட்டரைத் தொடாமல் தண்ணீர் திரும்பிப் போக வழி செய்தாகிவிட்டது. பிறகு டிராயரைத் திறந்து தெர்மோஸ்டாட்டை எடுத்தார்.

"அதைத்தான் தேவையில்லைன்னு கழட்டினியே?"

"தேவைதான். அன்னிக்கு என்ன செய்யறதுன்னு தெரியாம ஏதோ ஒண்ணு செஞ்சேன்." சொன்னதும் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டாவது முறை சொல்லும்போது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

மாட்டி, நிரப்பி, காற்றை எடுத்துவிட்டு, பிரஷர் பம்ப்பை ஒளிக்காமல் ஒதிலியா பார்க்கவே மாட்டி அடித்தார். முள் ஏறி நின்றது. அரைமணி நேரம் நின்றால்தான் நம்பலாம். இருவரும் ஆளுக்கொரு டயரில் உட்கார்ந்து அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்வீரா தர்பூசணித் துண்டுகளோடு வந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் போல.

"ஏங்க, அப்ப அந்தக் கருகின பீன்ஸை நல்லா இருக்குன்னு சொன்னது..."

"எல்வீரா..."

"அஞ்சு மாசமா நான் என்னென்னமோ நினைச்சு உருகிட்டிருந்தேன், பாவி மனுஷா!" தட்டைப் படீரென்று வைத்துவிட்டுப் போனாள். நாலடி போய்த் திரும்பி வந்து, அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து ஒருமுறை இறுக்கிவிட்டு, மறுபடி கோபமாகவே உள்ளே போனாள்.

முள் அசையவில்லை. முப்பது நிமிஷம் ஆனதும் ஒதிலியா எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். "காலையில அஞ்சு மணிக்கு நீங்களும் வர்றீங்க, கொம்பாத்ரே. வழியில எதாவது ஆச்சுன்னா தள்றதுக்கு ஆள் வேணும்" என்றாள். அந்த 'நீங்க' திரும்பி வந்ததில் நபோருக்கு உயிர் வந்தது.

அன்று சாயங்காலமே நகரத்துக்குள்ளேயே இருக்கிற காம்பானா குன்று மேல் மூன்று தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். மறுநாள் ஐந்து மணி நேரம் மலைப்பாதை. கார்ப்பெட்டைப் பிய்த்து எறிந்திருந்ததால் நபோரின் கால்கள் வெறும் தகரத்தில் இருந்தன. ஒவ்வொரு வளைவிலும் அவர் கண் சூட்டு முள்ளிடமே போயிற்று. பாதியைத் தாண்டி அது ஏறவே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒதிலியா ஓரங்கட்டி, உள்ளே முகர்ந்து, வெளியே முகர்ந்து, "என் வெல்லம் மட்டும்தான்" என்று அறிவித்தாள்.

மேசா கொலராடாவில் இமெல்டா பள்ளிக்கூட வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். முகமும் உப்பியிருந்தது. ஞானப்பாவைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரிக் கையை நீட்டினாள். "மோந்து பார்த்தீங்களா?"

"இல்லடா கண்ணு. எனக்கு மூக்கு போயிடுச்சு, ஜனவரியிலேயே. உன் அம்மாதான் மோந்து பார்த்தா. நான் அவ சொன்னபடி செஞ்சேன்." கொஞ்சம் தயங்கி, "இப்ப ஏறுவியா?" என்று கேட்டார்.

இமெல்டா அவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவர் தோளைப் பிடித்து எழுந்து, பின்சீட்டில் மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தாள். "ரெண்டு பேர் பார்த்த வண்டின்னா இன்னும் நல்லதுதானே" என்றாள். கண்ணை மட்டும் மூடவில்லை, வழி நெடுக மலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஒன்பதாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். வார்டில் குழந்தை கை கையாக மாறியது, வாங்கின ஒவ்வொருவரும் அதன் உச்சந்தலையில் மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "ஆகா" என்று கண் சொக்கினார்கள். எல்வீரா கொடுக்க மனமில்லாமல் இரண்டு தடவை முகர்ந்தாள். கடைசியில் நபோரின் கைக்கு வந்தது. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். விஷயம் தெரிந்திருந்தும் பழக்கம் விடவில்லை போலும். நபோருக்கும் விடவில்லை. தானாகவே குனிந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. அவ்வளவுதான்.

'ஆகா' என்று ஒரு சொல் சொன்னால் போதும், யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. அவர் நிமிர்ந்து ஒதிலியாவைத் தேடினார்.

"நீங்க சொல்லுங்க, கொமாத்ரே. எப்படி இருக்கு?"

ஒதிலியா பக்கத்தில் வந்து, அவர் கையிலிருந்த குழந்தையின் தலைமேல் குனிந்தாள். நேரம் எடுத்துக்கொண்டாள்.

"மேல பால். கொஞ்சம் புளிச்ச பால். அதுக்குக் கீழ ஆஸ்பத்திரி சோப்பு." மறுபடி இழுத்தாள். "அதுக்கும் கீழ ஒண்ணு இருக்கு. இமெல்டா பிறந்தப்ப இருந்தது இல்ல, வேற. இதுக்கு முன்னாடி நான் எங்கேயும் மோந்ததில்ல. இவளோடது மட்டும்."

நபோர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

அவள் முதலிலிருந்து சொன்னாள்.